கறுப்பு பெயிண்ட், வடசென்னைத் தூசி: ஸ்விர்ல் கீறலை வீட்டிலேயே எடுக்கும் முறை

கறுப்பு, கருநீலம், மெரூன் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. நிழலில் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாக எழும்பும். இதைத்தான் ஸ்விர்ல் என்கிறார்கள். ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் இன்னும் மோசமாகத் தெரியும். அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமாக ஓடுவதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் கண்ணுக்குப் படுகிறது. வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் உண்டு, பின்னணி வெள்ளையாக இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர்ப் பக்கம் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல, தூசி. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கிளப்பும் மண், கடற்கரை மணல் எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் வண்டிமேல் படலமாகப் படியும். நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் அதிகம். இரண்டுமே பெயிண்டின் மேல்பூச்சைவிடப் பல மடங்கு கடினமானவை. அந்தப் படலத்தின்மேல் காலையில் காய்ந்த துணியைப் போட்டு இழுத்தால் உப்புத்தாளால் தேய்ப்பதுபோல்தான். அடுக்குமாடியில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே பனியன் துணியில் வரிசையாக எல்லா வண்டியையும் முடிப்பார். பத்தாவது வண்டிக்கு வரும்போது அந்த வாளியில் இருப்பது முன்னால் துடைத்த ஒன்பது வண்டிகளின் மண். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத வேலை அது.

பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய கார்களில் இரும்புத் தகட்டின்மேல் பிரைமர், கலர், க்ளியர் கோட் எல்லாம் சேர்த்துச் சுமார் 90 முதல் 130 மைக்ரான். அதில் நிறமில்லாத மேல்பூச்சான க்ளியர் கோட் மட்டும் 35 முதல் 50. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அல்ல, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைச் சீவி எடுக்கும் வேலை. காம்பவுண்ட் எனும் கரடான பாலிஷ் ஒரு சுற்றுக்கு 2, 3 மைக்ரான் எடுக்கும். நைசான ஃபினிஷிங் பாலிஷ் ஒரு மைக்ரான் அளவோடு நின்றுவிடும். வெயிலைத் தாங்கும் பொருள் அந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுக்கச் சேர்த்து 8, 10 மைக்ரானுக்கு மேல் எடுத்தால், சில வருடத்தில் கூரையும் பானெட்டும் வெளுத்து, க்ளியர் கோட் தோல் மாதிரி உரியத் தொடங்கும். அதன் பிறகு ரீபெயிண்ட்தான்.

ஆகவே நூற்றுக்கு எண்பது கீறல் போனால் நிறுத்திக்கொள்ளலாம். மிச்ச இருபதைத் துரத்திக்கொண்டு போனால்தான் பெயிண்ட் பலியாகும். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஸ்விர்ல் இல்லை, ஆழமான கீறல். பாலிஷில் விளிம்பு மழுங்கி அது சற்று மங்கும், அவ்வளவுதான். காக்கை எச்சம் அரித்த தழும்புக்கும் இதே கதி.

முதல் வேலை கழுவுவது. பம்ப் ஸ்பிரேயரில் கார் ஷாம்பு கரைசலை நிரப்பி வண்டி முழுக்க அடித்து, 3, 4 நிமிடம் ஊறவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி மண்ணை இறக்குங்கள். அதுவரை கை படக் கூடாது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் மிட்டை (கழுவும் கையுறை) வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் மறுபடி ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கி, கதவின் கீழ்ப்பகுதியில் முடியுங்கள். சக்கரத்துக்கு வேறு துணி. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். சரியாகக் கரையாத குருணையே கீறும், அதிலுள்ள காரம் ரப்பர் பீடிங்கையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் வெளுக்க வைக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டமாகக் கறை விட்டுப்போகும், நாள்பட விட்டால் க்ளியர் கோட்டை அரித்துவிடும். வாட்டர் ஃபில்டரில் இருந்து வீணாகும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுவது பல வீடுகளில் பழக்கம். அது சாதாரணத் தண்ணீரைவிட உப்பு அடர்ந்தது, கறுப்பு வண்டிக்கு ஆகவே ஆகாது. மெட்ரோ வாட்டர் கிடைத்தால் நல்லது. கடைசி அலசலுக்கு ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஏறக்குறைய டிஸ்டில்டு வாட்டர்தான் அது, சென்னையின் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு வாளிக்கணக்கில் சேரும். ஏற்கெனவே பிடித்துள்ள வெள்ளைக் கறைக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் போர்த்தி எடுத்து உடனே அலசுங்கள்.

கழுவிய பெயிண்ட்மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துகள்கள் உள்ளே பதிந்திருக்கின்றன. பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி ரயில் தடத்தை ஒட்டிய இடங்களில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் நிறையப் பதியும். அதற்கு இரும்புத்தூளைக் கரைக்கும் திரவமான அயர்ன் ரிமூவர். நிழலில், சூடில்லாத பெயிண்ட்மேல் அடித்து 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். இரும்பு உள்ள இடம் ஊதாவாக வழியும். காயவிடாமல் அலசிவிடுங்கள். நாற்றம் அடிக்கும், ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். மிச்சத்துக்கு க்ளே பார், பதிந்த துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரியான கட்டி. 50 கிராம் துண்டைக் கையில் தட்டையாக்கி, ஷாம்பு கரைத்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானதும் மடித்துப் புது முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். கீழே விழுந்த க்ளேயைக் குப்பையில் போடுவதுதான் சிக்கனம். கறுப்பு வண்டியில் க்ளேயே மெல்லிய கீறல் போடும், அதனால் பாலிஷ் செய்யப்போகும் நாளில் மட்டும் க்ளே செய்யுங்கள்.

மெஷின் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்ட்வேர் கடைகளில் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பாலிஷ் பேட் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது, பாலிஷுக்கு என்றே செய்த, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின்கூட 3,000ஐ ஒட்டியே நிற்கும். சில விநாடியில் பெயிண்ட் கருகி அடித்தகடு தெரியும். ரோட்டரியும் புதியவர் கைக்கு ஏற்றதல்ல. கம்பளி பேட் போட்டு ரோட்டரி ஓட்டிய கறுப்பு வண்டியில், வெயிலில் பார்த்தால் 3டி படம் மாதிரி நிழல் அலைகள் தெரியும். ஹோலோகிராம் என்பார்கள். கீறலை எடுத்து அந்த இடத்தில் இன்னொரு கீறலை வைத்த வேலை அது.

வீட்டுக்கு ஏற்றது டி.ஏ. எனப்படும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். பேட் சுழலவும் செய்யும், கூடவே தள்ளாடவும் செய்யும். ஒரே இடத்தில் சூடு சேராது. 15 மி.மீ. த்ரோ (பேட் தள்ளாடும் அளவு), 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு), 5½ அங்குல பேட் என்பது கார், பைக் இரண்டுக்கும் நடுவாந்தரம். பம்பர் வளைவு, கண்ணாடிக் கூடு, பைக் டேங்குக்கு 3 அங்குல பிளேட் தனியாக வேண்டும். மெஷின் 700 முதல் 900 வாட் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டரில் ஓட்ட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எர்த் உள்ள மூன்று பின்னாக இருக்கட்டும், கழுவிய ஈரத்தில் படக் கூடாது. வயரைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், பெயிண்ட்மேல் இழுபட்டால் அதுவே கீறும். வாட்ச், மோதிரம், பெல்ட் பக்கிள், கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பேட் ஒன்றே ஒன்று போதும் என்று தொடங்கினால் வேலை பாதியில் கெடும். ஒரு ஹேட்ச்பேக்குக்கு நடுத்தர ஃபோம் பேட் நாலு, மென்மையான ஃபினிஷிங் ஃபோம் இரண்டு. மைக்ரோஃபைபர் கட்டிங் பேட் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும், அனேகமாகத் தேவைப்படாது. ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியில் வேறு கடினம், நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். பாலிஷ் விஷயத்தில் மெகுவையர்ஸ் எம்205, மென்செர்னா 3500 மாதிரி ஃபினிஷிங் ரகத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஹேட்ச்பேக் 50 முதல் 80 மி.லி. குடிக்கும், 250 மி.லி. பாட்டில் தாராளம். பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு லிட்டர், பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன், பெயிண்ட் கடையில் மாஸ்கிங் டேப், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு. பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் வேண்டாம், பசை விட்டுப்போகும்.

டேப் ஒட்டும் வேலையைச் சோம்பலில் தவிர்க்கக் கூடாது. ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், பேட்ஜ், ஸ்டிக்கர் ஓரம், வாஷர் நாசில் எல்லாவற்றையும் மூடுங்கள். மேடு பள்ளமாக வரும் உடல்கோடுகளும் பானெட், கதவு விளிம்புகளும்கூட மூடவேண்டிய இடங்கள். பெயிண்ட் காயும்போது விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே படலம் எப்போதும் மெலிது. பேட்டின் அழுத்தம் முழுக்க அந்த மெல்லிய கோட்டில் விழும். கலர் போய் வெள்ளை பிரைமர் தெரிந்த வண்டிகளில் பெரும்பாலும் அது விளிம்பில்தான் தெரிந்திருக்கும்.

இடமும் நேரமும். ஸ்டில்ட் பார்க்கிங் இருந்தால் வசதி. தெருவில்தான் நிறுத்த முடியும் என்றால் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பினால் காசிமேடு முதல் எண்ணூர் வரை மணலும் உப்பும் வந்துவிழும், பேட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு மணல் போதும். கத்திரி வெயிலில் கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியாது, பாலிஷ் போட்டவுடன் காய்ந்து மாவாகும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை இந்த வேலைக்கு உகந்த காலம்.

இனி சோதனைக் கட்டம். இதை விட்டால் மிச்சமெல்லாம் குருட்டாம்போக்கு. பானெட்டில் 40 செ.மீ. சதுரத்தை டேப்பால் குறித்து, மெல்லிய பாலிஷ், மென்மையான பேட் கூட்டணியை மட்டும் முதலில் ஓட்டுங்கள். துடைத்து, ஆல்கஹால் கரைசல் அடித்து (200 மி.லி. ஆல்கஹாலுக்கு 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர்) இன்னொரு துணியால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். பாலிஷிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், இந்தத் துடைப்பு இல்லாமல் வரும் பளபளப்பை நம்ப முடியாது. தெருமுனையில் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்ட வண்டி இரண்டு கழுவலில் பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் முழு வண்டிக்கும் அதுதான் செய்முறை. போதாவிட்டால் பாலிஷை மாற்றாமல் பேட்டை மட்டும் நடுத்தரத்துக்கு ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் காம்பவுண்ட். ஜப்பான் கம்பெனிக் கார்களின் கறுப்பு பொதுவாக மென்மை. சீக்கிரம் கீறும், சீக்கிரம் சரியாகும், கடும் பேட் பட்டால் மங்கும். ஜெர்மன் வண்டிகளில் பெரும்பாலும் கடினம், அங்கே ஒரு படி மேலே போக வேண்டிவரும். பேட்டில் வண்டியின் கலரே ஒட்டி வந்தால் அதில் க்ளியர் கோட் இல்லை, பழைய அம்பாசடர் மாதிரி ஒற்றைப் பூச்சு. பாலிஷ் செய்யலாம், எடுப்பது நேராகக் கலரையே என்று தெரிந்து செய்யுங்கள்.

புதுப் பேட்டில் முதல்முறை மட்டும் பாலிஷை விரலால் முகம் முழுக்கத் தடவி ஈரப்படுத்துங்கள். அதன் பிறகு ஒரு கட்டத்துக்குப் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை நிறுத்திய நிலையில் பெயிண்ட்மேல் ஒற்றி ஒற்றிப் பரப்பி, வேகம் 1, 2இல் தொடங்கிப் பூசிவிட்டு, பிறகு 4, 5க்கு ஏற்றுங்கள். கை விநாடிக்கு 4, 5 செ.மீ. நகரட்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். ஒருமுறை இடவலம், அடுத்தமுறை மேல்கீழ் என்று மொத்தம் நாலு தடவை. அழுத்தம் அதிகம் வேண்டாம், மெஷினின் எடையோடு ஒரு கையின் பாரம். பேக்கிங் பிளேட் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்றுவிட்டால் பேட் வெறுமனே அதிர்கிறது, வேலை நடக்கவில்லை. ஒன்று அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. வளைந்த இடத்தில் சாய்வதுதான் வழக்கமான தவறு. மெஷினை அணைத்த பிறகுதான் தூக்க வேண்டும், ஓடும்போது தூக்காதீர்கள். தூக்கினால் சுவரெல்லாம் பாலிஷ் புள்ளி.

ஒரு கட்டம் முடிந்ததும் பேட்டை நைலான் பிரஷால் தேய்த்து அடைப்பை எடுங்கள். சீவி வந்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் சேர்ந்த கட்டி பேட்டில் இருந்தால் அது தானே புதுக் கீறல் போடும். நாலைந்து கட்டத்துக்குப் பிறகு ஃபோம் சூடேறித் தளரும், அடுத்த பேட்டுக்கு மாறுங்கள். ஹேட்ச்பேக்கில் ஏறக்குறைய 40 கட்டம் வரும். ஒரு சுற்றுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே காலையில் முடிக்கப் பார்க்காமல், முதல் நாள் கூரையும் பானெட்டும் டிக்கியும், மறுநாள் பக்கவாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் வண்டியை ஓட்டியிருந்தால் மறுபடி கழுவித்தான் தொடங்க வேண்டும்.

பாலிஷ் மாவாகப் பறந்தால் தகடு சூடு, அல்லது பாலிஷ் குறைவு. டிஸ்டில்டு வாட்டரை ஒரே ஒரு முறை பேட்டில் பீச்சினால் சரியாகும். துடைக்கும்போது பிசுபிசுவென்று இழுபட்டால் பாலிஷ் அதிகம். கட்டம் முழுக்கப் புகைமூட்டம் மாதிரி மங்கலாக இருந்தால் பேட் கடுமை, அடுத்து மென்மையான பேட்டில் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்று போக வேண்டும். துகள் உடைந்து நைசாகும் வகைப் பாலிஷை இரண்டு தடவையோடு நிறுத்தினாலும் இதே மங்கல் வரும், நாலு தடவையை முழுமையாக முடியுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது. அங்கே வேகம் 3க்கு மேல் வேண்டாம், நடுநடுவே புறங்கையை வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். டிங்கரிங் செய்து மறுபெயிண்ட் அடித்த கதவு கம்பெனி பெயிண்ட் மாதிரி நடந்துகொள்ளாது, அதற்குத் தனிச் சோதனைக் கட்டம் போடுங்கள்.

பைக்குக்கு: மேட் ஃபினிஷ் டேங்கைத் தொடவே தொடாதீர்கள். பாலிஷ் பட்ட இடம் பளபளத்துத் திட்டாகும், திரும்ப மேட் ஆக்க முடியாது. பளபளப்பு டேங்கில் 3 அங்குல மென் பேட், அல்லது கையாலேயே ஃபோம் அப்ளிகேட்டர். கையால் செய்யும்போது வட்டமாகத் தேய்க்காமல் வண்டியின் நீளவாக்கில் தேய்த்தால் மிச்சம் விழும் கீறல் குறைவாகத் தெரியும். திருவொற்றியூர்த் தொழிற்சாலைப் பெருமையான புல்லட் டேங்கின் தங்கக்கோடு, கையால் வரைவது. அதன்மேல் பேட் ஏறினால் கோடு தேயும், இருபுறமும் டேப் போட்டு ஒதுங்கிப்போங்கள். டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய் வைத்தியம் அடிக்கடி காதில் விழும். எண்ணெய் கீறலை மறைத்துவிட்டு மறுநாளே சாம்பலை இழுத்து ஒட்டவைக்கும். டூத்பேஸ்ட் பல்லுக்கு.

முடிந்த பெயிண்ட் நிர்வாணமாக இருக்கிறது, அன்றைக்கே சீலன்ட் எனும் பாதுகாப்புப் பூச்சு போட வேண்டும். ஆல்கஹால் கரைசலால் முழுக்கத் துடைத்துவிட்டு ஸ்பிரே சீலன்ட், ஒரு பேனலுக்கு இரண்டு பீச்சு. கார்னூபா மெழுகு கறுப்புக்கு அழகுதான், சென்னை வெயிலில் சில வாரத்தில் தேய்ந்துபோகும். சீலன்ட் இரண்டு மூன்று மாதம் நிற்கும். செராமிக் கோட்டிங் இன்னும் நீடிக்கும், ஆனால் அதன்மேலும் காய்ந்த துணி போட்டால் கீறல் விழும், விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

அன்றாடத் துடைப்புக்கு மாற்று வழி இருந்தால்தான் பட்ட பாடு வீணாகாது. ஹோஸ் இல்லாத அடுக்குமாடியில், பிறகு அலசத் தேவையில்லாத கழுவல் திரவமான ரின்ஸ்லெஸ் வாஷ் கைகொடுக்கும். 1க்கு 256 என்று லேபிளில் உள்ள ரகத்தில் 10 லிட்டருக்கு 40 மி.லி. ஆறேழு மைக்ரோஃபைபர் துணியை அதில் ஊறப்போட்டு, பேனலில் முதலில் கரைசலைத் தெளித்து, ஒரு துணியை எட்டாக மடித்து ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பக்கம் திருப்புங்கள். பயன்படுத்திய துணி மறுபடி வாளிக்குள் போகக் கூடாது. வாரம் ஒருமுறை இது போதும். நடுவில் தூசி படிந்தால் படிந்தபடி ஓட்டுங்கள். வண்டி துடைப்பவரிடம் கண்ணாடியும் சக்கரமும் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம், சம்பளத்தைக் குறைக்காமல் சொன்னால் அவருக்கும் சந்தோஷம். காருக்குத் துணி கவர் போடுபவர்கள் கவனிக்க: தூசி படிந்த வண்டிமேல் போட்ட கவர் காற்றில் ஆடும்போதெல்லாம் தேய்க்கும்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாக, லிக்விட் சோப்பில், கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி சேர்க்காமல் துவையுங்கள். அது இழைகளை மூடி, துணி தண்ணீரை உறிஞ்சாமல் ஆக்கிவிடும். மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டால் இந்தப் பக்கத்துச் சாம்பல் முழுக்க அதில் ஏறும், வீட்டுக்குள் ஃபேனடியில் காயட்டும். தரையில் விழுந்த துணியைச் சக்கரத்துக்கு ஒதுக்கி ஒரு மூலையைக் கத்தரித்துவிடுங்கள். வீட்டில் யார் எடுத்தாலும் அது பானெட்டுக்கு இல்லை என்று தெரியும்.